வாய்க்கால் ஓரத்துக் கீரை

இஸ்லாமியத் தோட்டக்கலை என்றதும் நம்மவர் பேச்சிலும் எழுத்திலும் முதலில் வந்து நிற்பவை கிரனாடாவின் அல்ஹம்ராவும் ஆக்ராவின் தாஜ்மஹாலும் காஷ்மீரத்து ஷாலிமாரும்தாம். நீரூற்று, நாற்பகுதித் தோட்டம், ரோஜா, சைப்ரஸ் என்று வருணனை நீளும். கத்திரிக்கும் சுரைக்கும் அந்த வருணனையில் இடம் இருப்பதில்லை. ஆனால், தோட்டம் பற்றி அரபு மொழியில் எழுதப்பெற்ற மூல நூல்களைத் திறப்பவர்க்கு வேறொரு காட்சி கிடைக்கிறது. பூண்டு, வெங்காயம், முள்ளங்கி, வெள்ளரி, கீரை என்று பக்கம் பக்கமாகச் செல்கின்றன அந்நூல்கள். கண்ணுக்கு ஒரு தோட்டம், அடுப்புக்கு ஒரு தோட்டம் எனப் பிரிக்கும் மனப்போக்கு அவ்வாசிரியர்களிடம் பெரிதும் இல்லை. மதுரையைச் சுற்றிய சமவெளியில் நம் முன்னோர் வைத்திருந்த கொல்லைகளிலும் அப்பிரிவினை இருந்ததில்லை. இன்று அது எங்கிருந்து வந்தது, வந்ததால் நாம் இழந்தவை யாவை என்பதை ஆராய்வது பயனுடையது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். தோட்டத்தைக் குறிக்க அரபியில் பல சொற்கள் உண்டு. 'ஜன்னத்' என்பது மறைத்தல் என்னும் வேரிலிருந்து வந்தது. மரச்செறிவால் நிலத்தை மறைத்து நிற்பது. 'ஹதீகா' என்பது சுற்றிலும் அடைப்புடைய தோட்டம். 'புஸ்தான்' பாரசீகத்திலிருந்து வந்த சொல். மணம் கமழும் இடம் என்பது அதன் பொருள். இவற்றோடு 'மப்கலா' என்றொரு சொல்லும் உண்டு. 'பக்ல்' என்றால் கீரை, காய்கறி; அது விளையும் இடம் மப்கலா. அகராதியில் இது ஹதீகாவுக்குப் பிந்திய இடத்தைப் பெறுவதாயினும் வாழ்வில் அப்படி இல்லை. திருக்குர்ஆனின் 'அபஸ' அத்தியாயத்தில் (80:27-32) மனிதனுக்கு அளிக்கப்பட்ட உணவுகள் எண்ணப்படுகையில் தானியம், திராட்சை, அறுக்க அறுக்கத் துளிர்க்கும் பசுந்தழை, ஒலிவம், பேரீச்சை, அடர்ந்த தோட்டங்கள், கனிகள், கால்நடைத் தீவனம் ஆகிய அனைத்தும் ஒரே மூச்சில் எண்ணப்படுகின்றன. அடர்ந்த தோட்டத்தின் அழகும் அறுத்துத் தின்னும் தழையும் அங்கே ஒரே பட்டியலில் நிற்கின்றன. வேளாண்மையைக் குறிக்கும் 'ஃபிலாஹா'வும், பாங்கில் நாள்தோறும் ஐந்து முறை நாம் கேட்கும் 'ஃபலாஹ்' என்னும் வெற்றியும் ஒரே வேரின் கிளைகள் என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

மதீனாவின் ஓர் அம்மையார்

காய்கறித் தோட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் தொடங்க வேண்டிய இடம் அரண்மனையன்று. ஸஹீஹுல் புகாரீயின் ஜுமுஆ பாடம். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அது. மதீனாவில் ஒரு பெண்மணி தம் நிலத்தின் 'அர்பிஆ'வில் 'ஸில்க்' என்னும் கீரையை நட்டு வந்தார். வெள்ளிக்கிழமை வந்தால் அக்கீரையின் வேர்களைப் பிடுங்கிச் சட்டியில் இட்டு, ஒரு கைப்பிடி வாற்கோதுமையை அரைத்துச் சேர்த்துக் காய்ச்சுவார். இறைச்சியோ கொழுப்போ அதில் இராது. ஜுமுஆத் தொழுகை முடிந்து திரும்பும் தோழர்கள் அவருக்கு ஸலாம் உரைத்து, அவர் தரும் அந்த உணவை உண்பர். அந்த உணவுக்காகவே வெள்ளிக்கிழமையை ஆவலோடு எதிர்பார்த்திருந்ததாக ஸஹ்ல் (ரலி) கூறுகிறார்கள்.

வகுப்பில் இந்த ஹதீஸை வாசிக்கும் மாணவர்களுள் பலர் 'அர்பிஆ' என்பதைப் புதன்கிழமை என்றே முதலில் பொருள்கொள்கின்றனர். எழுத்து வடிவம் அப்படி. ஜுமுஆ பற்றிய ஹதீஸில் புதன்கிழமைக்கு என்ன வேலை என்று குழம்புவதும் உண்டு. இங்கே அது 'ரபீஉ' என்பதன் பன்மை; சிறு வாய்க்கால்கள் என்று பொருள். வயலுக்குப் பாயும் நீர் போகிற போக்கில் கரையை நனைக்கிறது. அந்த ஈரத்தில் கீரை வளர்கிறது. தனியாக நீர் இறைக்க வேண்டியதில்லை. தனியாக நிலமும் வேண்டியதில்லை. வயலுக்கு விளிம்பு கட்டினாற்போல் அகன்ற பச்சை இலைகள் வரிசை பிடித்து நிற்கும். அழகுக்காக அவர் அப்படி நட்டார் என்று ஹதீஸ் கூறவில்லை. நாமும் ஏற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், இன்றைய தோட்ட வடிவமைப்பாளர்கள் 'விளிம்பு நடவு' என்று சொல்லும் முறையை ஒரு மூதாட்டி தம் அனுபவத்தால் அறிந்திருந்தார் என்பது தெளிவு. ஸில்க் கீரையும் இன்று நாம் சந்தையில் வாங்கும் பீட்ரூட்டும் தாவரவியலில் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அந்த அம்மையாரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. காய்கறித் தோட்டத்தின் வரலாறு உலகெங்கும் பெரும்பாலும் பெயர் பதியப்பெறாத பெண்களின் வரலாறாகவே இருந்திருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டதை, தையற்காரர் ஒருவர் அளித்த விருந்து பற்றிய அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பால் அறிகிறோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ பறவையோ மனிதரோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக அமையும் என்ற நபிமொழி எல்லாரும் அறிந்தது. அதில் மரத்துக்கு இணையாகப் பயிரும் சொல்லப்பட்டிருக்கிறது. நம் மேடைகளில் மரம் மட்டும் பேசப்படுகிறது; பாத்தி பேசப்படுவதில்லை.

அந்தலுஸின் நூல்கள்

கி.பி. 11 ஆம் நூற்றாண்டில் துலைத்துலா (டோலிடோ) நகரின் அரசர் அல்மஃமூனின் தோட்டம் தாஜோ நதிக்கரையில் அமைந்திருந்தது. அங்கே பணியாற்றியவர் இப்னு பஸ்ஸால். 1085இல் அந்நகரம் ஆறாம் அல்ஃபோன்ஸோவிடம் வீழ்ந்தபின் அவர் இஷ்பீலியாவுக்கு (செவில்) இடம்பெயர்ந்து அல்முஃதமிதின் ஆதரவில் தோட்டம் அமைத்தார். முன்னோர் நூல்களிலிருந்து மேற்கோள் அடுக்காமல் தம் கைப்பட அறிந்தவற்றையே எழுதியிருப்பது அவருடைய நூலின் தனிச்சிறப்பு. மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் என நீரை நால்வகையாகவும் மண்ணைப் பத்து வகையாகவும் பிரித்து, எந்த நிலத்துக்கு எந்த எரு என்று அவர் விளக்குகிறார். அரசரின் தோட்டக்காரர் எழுதிய நூலில் காய்கறிகளுக்குத் தனி அதிகாரங்கள் உண்டு.

அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலில் 585 தாவரங்களைப் பற்றி எழுதினார். 1802இல் மத்ரீதில் அரபு மூலமும் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் இணைந்து இரு பெரும் தொகுதிகளாக அது அச்சேறியது. ஸ்பெயினின் வேளாண்மையைச் சீர்படுத்த விரும்பியோர், முஸ்லிம் ஆட்சி முடிந்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்நூலைத் தேடிச் சென்றனர் என்பது கவனத்திற்குரியது. கத்திரியை மட்டும் அவர் நான்கு வகையாகப் பிரிக்கிறார். மிஸ்ர் நாட்டு வகை, ஷாம் வகை, உள்ளூர் வகை, குர்துபா வகை. காயின் நிறத்தையும் பூவின் நிறத்தையும் சேர்த்தே அவர் குறிக்கிறார். காயை மட்டும் எண்ணியவர் பூவின் நிறத்தைக் குறித்திருக்க வேண்டியதில்லை.

இங்கே கத்திரியின் பெயர்ப் பயணத்தைச் சொல்லாமல் போவதற்கு மனமில்லை. வடமொழியில் 'வாதிங்கண' என வழங்கிய சொல் பாரசீகத்தில் 'பாதிங்கான்' ஆகி, அரபியில் 'பாதின்ஜான்' ஆயிற்று. அரபியரோடு மேற்கே சென்று ஸ்பானியத்தில் 'பெரென்ஹேனா', போர்த்துகீசியத்தில் 'பெரின்ஜெலா' எனத் திரிந்தது. போர்த்துகீசியர் வழியாக மீண்டும் இந்தியக் கரை சேர்ந்து, நம் ஆங்கில விலைப்பட்டியல்களில் 'பிரின்ஜால்' என நிற்கிறது. நம் மண்ணில் விளைந்த காய் ஊர் சுற்றித் திரும்பியபோது நம்மால் அடையாளம் காண முடியாத பெயரோடு வந்திருக்கிறது. தமிழ், 'கத்திரி'யை விட்டுக்கொடுக்கவில்லை. நம் கொல்லைப் பந்தலில் தொங்கும் பீர்க்குக்குத் தாவரவியலார் இட்ட 'லூஃபா' என்ற பெயரும் அரபியின் 'லூஃப்' என்பதிலிருந்து வந்ததே.

முஸ்லிம்களின் வணிகப் பாதைகள் வழியாக இந்தியப் பயிர்கள் மேற்கே பரவியதை ஆண்ட்ரூ வாட்சன் 1983இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். அவற்றுள் சில முன்னரே அங்கே அறியப்பட்டிருந்தன என்று பின்வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கின்றனர். அம்மறுப்பில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் நாமே கொடுத்தோம் என்று மார்தட்டுவது வரலாறாகாது. ஆனால், கத்திரியும் கீரையும் அந்தலுஸ் தோட்டத்தில் எந்த இடத்தைப் பெற்றிருந்தன என்ற நம் கேள்வியை அந்த விவாதம் தொடவில்லை.

வீட்டையும் தோட்டத்தையும் ஒருங்கே திட்டமிடுவது எப்படி என்பதை எழுதியவர் அல்மரிய்யாவைச் சேர்ந்த இப்னு லுயூன். 1348இல் வேளாண்மை பற்றி ரஜஸ் யாப்பில் ஒரு நூல் செய்தார். மறு ஆண்டில், கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடிய காலத்தில், காலமானார். நூலின் பிற்பகுதியில் தோட்ட வீட்டின் அமைப்பைக் கூறுகிறார். வீடு மேட்டில், தெற்கு நோக்கி இருக்க வேண்டும். கிணறும் தொட்டியும் உயர்ந்த இடத்தில் அமைய, நீர் நிழலுக்கடியில் ஓட வேண்டும். தொட்டியருகே இலையுதிராச் செடிகள். சற்றுத் தள்ளிப் பலநிறப் பூக்கள். ஓரம் சுற்றிலும் கொடிகள். கொடிகளின் அடியில் நடைபாதை. விரும்பியதைப் பயிரிடத் திருத்திய நிலம். பெருமரங்கள் ஓரத்தில், வடகாற்றைத் தடுக்கும்படியும் வெயிலைத் தடுக்காதபடியும். நடுவே எல்லாப் பக்கமும் பார்வை செல்லும் ஓர் அமர்விடம். அதில் அமர்ந்திருப்பவரின் கண்ணில் பூவும் படும், பாத்தியும் படும். பாத்தியைச் சுவர் எழுப்பி மறைக்கும்படி அவர் கூறவில்லை.

இந்த நெறியைக் கல்லிலும் மண்ணிலும் காண விரும்புவோர் அல்ஹம்ராவுக்கு எதிரேயுள்ள ஜன்னத்துல் அரீஃபுக்குச் செல்லலாம். ஜெனராலிஃபே என்று இன்று வழங்கும் அந்த அரசக் கோடை மாளிகையை ஒட்டி, படிப்படியாக இறங்கும் காய்கறி நிலங்கள் உள்ளன. நஸ்ரீ அரசர் காலந்தொட்டு விளைந்த அந்நிலங்களில் ஒரு பகுதியில் இன்றும் பயிர் நடக்கிறது. சுற்றுலா வருவோர் நீரூற்றைப் படம்பிடித்துத் திரும்பிவிடுகின்றனர்.

மதுரையில் புளி கரைத்துக் குடித்தவர்

இப்னு லுயூன் யாப்பமைத்த அதே பத்தாண்டில் மக்ரிபைச் சேர்ந்த இன்னொருவர் நம் மதுரைக்கு வந்திருந்தார். 1340களின் முற்பகுதியில் இப்னு பதூதா கண்ட மதுரை, அகன்ற தெருக்களைக் கொண்ட பெருநகரம். அதைத் தலைநகராக்கி, தில்லியைப் போல் அமைக்க முனைந்தவர் அவருடைய மாமனாரான சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ். இப்னு பதூதா வந்தபோது ஆண்டவர் கியாஸுத்தீன். அவருடைய கொடுமைகளைப் பயணநூல் மறைக்காமல் கண்டிக்கிறது. நகரில் கொள்ளைநோய் பரவி, பீடிக்கப்பட்டவர் இரண்டு மூன்று நாட்களில் இறந்துகொண்டிருந்தனர். அவரையும் கடுங்காய்ச்சல் பற்றியது. மரணம் நெருங்கியதாக அஞ்சியிருந்தவருக்கு, அந்நாட்டில் மிகுதியாகக் கிடைக்கும் புளியின் நினைவு வந்தது. ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று, நோய் நீங்கிற்று. 'தம்ருன் ஹிந்தீ', இந்தியப் பேரீச்சை, என்று அரபியர் பெயரிட்ட அதே புளி.

அவர் கண்ட மதுரையின் கொல்லைகளில் தக்காளியோ மிளகாயோ உருளைக்கிழங்கோ இருந்திருக்க முடியாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அவை வர இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. இப்னுல் அவ்வாமின் 585 தாவரங்களிலும் அவை இல்லை. இன்று மிளகாய் இல்லாத நாட்டுக்கொல்லையை எண்ணிப்பார்க்க முடியுமா? தோட்டம் ஒருநாளும் மாறாத மரபுப்பொருளன்று. வந்ததை ஏற்று, தன் நீருக்கும் மண்ணுக்கும் பழக்கிக்கொள்வதே அதன் இயல்பு.

வைகைச் சமவெளியின் வீட்டுக்கொல்லைக்கும் ஓர் அமைப்பு இருந்தது. வீட்டை ஒட்டிய தோட்டத்தைக் குறிக்கச் சங்க இலக்கியத்தில் 'படப்பை' என்றொரு சொல் வழங்குவதை நோக்க, அதன் தொன்மை விளங்கும். அங்கணத்திலிருந்து வெளியேறும் நீர் விழும் இடத்தில் வாழையும் சேம்பும். கிணற்றடியில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும். நீர் அரிதாகச் செல்லும் மூலையில் முருங்கை. வாசலுக்கும் கொல்லைக்கும் இடையே கறிவேப்பிலை. வேலியில் கோவையும் பிரண்டையும். முற்றத்தை ஒட்டிய பந்தலில் அவரையோ புடலையோ. கோடையில் அதன் நிழலே இன்னொரு அறையாகும். நீரின் போக்கைப் பார்த்தே செடியின் இடம் தீர்மானிக்கப்பட்டது. மதீனாவின் அம்மையார் வாய்க்கால் கரையைத் தேர்ந்ததும் இதே கணக்கால்தான்.

உளூச் செய்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா என்று இன்றும் வினவுவோர் உளர். பயன்படுத்தப்பட்ட நீர் தானும் சுத்தமானது. ஆனால் மீண்டும் உளூவுக்கு உதவாது என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் முடிபு. செடிக்கு அது தாராளமாக ஆகும். நீரின் சட்டத்தைப் பேசும்போது ஃபிக்ஹு ஆசிரியர்கள் எடுத்துக்காட்டும் 'புளாஆ' கிணறு நினைவுக்கு வருகிறது. மேலே கண்ட கீரை ஹதீஸின் மற்றோர் அறிவிப்பில் அம்மையார் வேர்களை எடுத்துவரச் சொல்லியனுப்பும் தோட்டத்தின் பெயரும் அதே புளாஆதான். மதுரையில் ஒரு பள்ளிவாசலின் ஹவ்ளிலிருந்து ஐந்து வேளையும் வழியும் நீர் நேரே சாக்கடையில் கலப்பதைக் காணும்போது, அந்த வழியில் ஒரு வாழையேனும் நட இடமில்லாமற் போயிற்றே என்ற எண்ணம் எழுகிறது.

புல்வெளி வந்த வழி

காய்கறியைக் கண்ணில் படாமல் ஒதுக்கும் வழக்கத்துக்குப் பெரிதும் வழிவகுத்தது 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. நிலப்பிரபுக்கள் தம் மாளிகைச் சன்னலிலிருந்து பரந்த புல்வெளி மட்டுமே தெரிய வேண்டுமென விரும்பி, காய்கறித் தோட்டத்தை உயர்ந்த மதிலுக்கு அப்பால் தள்ளினர். உணவு விளைவிக்காமலே நிலத்தை வைத்திருக்கும் செல்வம் தமக்கு உண்டென்று காட்டும் வழியாகவும் அது அமைந்தது. குடியேற்ற ஆட்சிக்கால பங்களாக்களோடு அந்த ரசனை இங்கே வந்தது. மழை அடிக்கடி தூறும் நாட்டின் புல்லை, ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்து, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்துவிடும் மதுரையில் வளர்ப்பது எத்தகைய அறிவுடைமை? வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தில் நம் பிள்ளைகள் கட்டும் வீடுகளில், முன்புறம் கொரியன் புல்லுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர் பாய்கிறது. பின்புறம் சிமென்ட் தளம். கறிவேப்பிலை கடையில் வாங்கப்படுகிறது.

இழப்பு கறிவேப்பிலையோடு நிற்கவில்லை. கோஷா பேணிய குடும்பங்களில் கொல்லை பெண்களின் திறந்தவெளி. காயல்பட்டினத்தில் பெண்கள் நடமாடத் தனி முடுக்குகளே அமைந்திருப்பது யாவரும் அறிந்தது. கொல்லையை மூடிய வீடு, வானத்தையும் அவர்களிடமிருந்து பறித்திருக்கிறது. விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி உறியில் கட்டிவைக்கும் அறிவும் பக்கத்து வீட்டுக்குச் சுவர் வழியே நீளும் புடலங்காயும் அதோடு போயின.

அந்தலுஸை அப்படியே இங்கே பெயர்த்து நடுவதற்கும் நான் உடன்படேன். அல்மரிய்யா வடக்கே ஏறத்தாழ 37 பாகையில் உள்ளது. மதுரை 10 பாகைக்குச் சற்றுக் கீழே. அங்கே வெயிலை வரவேற்க வேண்டும். இங்கே தடுக்க வேண்டும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் மதுரையில் நண்பகற் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்கிறது. இப்னு லுயூன் அஞ்சிய வடகாற்று இங்கே பகையன்று. மேற்கிலிருந்து வரும் ஆடிக்காற்றே பந்தலைச் சாய்ப்பது. எனவே, காற்றுக்கு முறியும் முருங்கையை மேற்கே வைக்காமல் கொய்யா, நாரத்தை, மாதுளை போன்றவற்றை அங்கே நிறுத்துவது நலம். அவை மாலை வெயிலையும் தாங்கிக்கொள்ளும். 'நாரத்தை'யோடு உறவுடைய சொல்லே பாரசீகம் வழியாக அரபியில் 'நாரன்ஜ்' ஆயிற்று என்பது மொழியியலார் பலரின் கருத்து.

ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஏறத்தாழ 5 சென்ட் நிலம் போதும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வீட்டுத்தோட்டப் பரிந்துரை. நெடுங்காலப் பயிர்களின் நிழல் பாத்திகளில் விழாதபடி அவற்றை ஒருபக்கம் ஒதுக்கச் சொல்வதில் அது இப்னு லுயூனோடு ஒத்துப்போகிறது. 5 சென்ட் இன்று மதுரை நகருக்குள் பலருக்கு மொத்த மனையாகவே வாய்ப்பதில்லை. ஆயினும் வாசலுக்கும் மதிலுக்கும் இடையே நாலடி அகலமுள்ள ஒரு கீற்று இருந்தால் போதும். மதிலோரம் கம்பியில் அவரை. அதன் முன் கத்திரியும் வெண்டையும். நடைபாதையின் விளிம்பில் சிவப்புத் தண்டுக்கீரையும் பச்சை அரைக்கீரையும் மாறி மாறி. கத்திரியின் ஊதாப் பூவும், மஞ்சள் இதழின் நடுவே கருஞ்சிவப்புக் கண் விழித்த வெண்டைப் பூவும் எந்தப் பூந்தொட்டிக்கும் குறைந்தவை அல்ல. சுரையும் புடலையும் மாலை மங்கியபின் வெண்பூ விரிப்பவை. மஃரிபு தொழுது திரும்புவோர்க்கு வாசலில் அது நல்ல காட்சி. கார் நிறுத்தும் இடத்துக்குத் தகரக் கூரையிடுவோர் அதற்குப் பதிலாகப் பந்தலிட்டுப் பாகலையும் பீர்க்கையும் ஏற்றலாம். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் பாத்தியை உயர்த்தி நீர் தேங்காமல் காக்க வேண்டும். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்குத் தொழு உரம் கூடுதலாக வேண்டும். ஆடியில் விதைத்த பாகல் புரட்டாசியில் காய்க்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் முதல் கூடை அக்கம்பக்கத்தாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.